ஒரே வாடிக்கையாளரை நம்பிய ஊரும் ஒரு சைக்கிள் பந்தயமும்

வணிகர் பத்திரிகையில் சைக்கிள் பந்தயத்துக்கு என்ன வேலை என்று நம் அங்கத்தினர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து மலையூரான லெட்வில்லில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் நடக்கும் பந்தயம், கல்லாப்பெட்டிக்கு முன்னால் உட்காரும் ஒவ்வொருவரும் அறியவேண்டிய ஒன்று. அதன் வேர், வியாபாரம் படுத்துப்போன ஓர் ஊரின் கதையில் இருக்கிறது.

லெட்வில் கடல் மட்டத்துக்கு மேல் 10,000 அடி உயரத்தைத் தாண்டிய ஊர். அங்கே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு நம் கடலோர ஊர்களில் கிடைப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. சுரங்கம்தான் அந்த ஊரை உண்டாக்கியது. இரண்டு முறை அதைக் கவிழ்த்ததும் சுரங்கம்தான்.

கடன் கொடுத்துக் கோடீஸ்வரரானவர்

1878இல் ஹொரேஸ் டேபர் என்பவர் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். வெள்ளி தேடிப் புறப்பட்ட இருவருக்குச் சாமான் கொடுத்தார். கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு தருவது என்று பேச்சு. அவர்கள் தோண்டிய இடத்தில் வெள்ளி கிடைத்தது. மளிகைக்காரர் கோடீஸ்வரர் ஆனார். 1893இல் அமெரிக்க அரசு வெள்ளி கொள்முதலை நிறுத்தியது. விலை சரிந்தது, டேபரின் சொத்தும் போயிற்று. 1899இல் அவர் காலமானபோது டென்வர் நகரில் சம்பளத்துக்குத் தபால் அதிகாரியாக இருந்தார்.

வெள்ளிக்குப் பின் ஊரைத் தாங்கியது பக்கத்திலுள்ள கிளைமாக்ஸ் சுரங்கம். எஃகை உறுதியாக்கச் சேர்க்கும் மாலிப்டினம் என்ற உலோகம் அங்கே கிடைக்கிறது. எஃகுத் தொழில் மந்தமானதும் 1982இல் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது. சுமார் 3,000 பேர் வேலை இழந்தார்கள். ஆலை மூடிய ஊரில் மளிகைக் கடையின் பற்று நோட்டு என்ன ஆகும் என்பதை நம்மில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் சம்பள நாள் கூட்டம் போகும். அடுத்துப் பாக்கி நிற்கும். கடைசியில் பாக்கிக்காரரே ஊரை விட்டுப் போய்விடுவார்.

இரவு தங்கினால்தான் வியாபாரம்

வேலை இழந்தவர்களில் கென் க்ளோபர் என்ற சுரங்கத் தொழிலாளியும் ஒருவர். வெளியூரார் வந்து பார்த்துவிட்டு மாலையிலேயே திரும்பினால் பயனில்லை. இரவு தங்கவேண்டும், தங்கினால்தான் விடுதிக்கும் உணவுக் கடைக்கும் மளிகைக்கும் வரவு என்பது அவர் போட்ட கணக்கு. இதைத்தான் நாம் பாராட்ட வேண்டும். அவர் முன்னின்றவர்களில் ஒருவராக, 1983இல் 100 மைல் மலை ஓட்டப் பந்தயம் தொடங்கியது. 1994இல் அதே தூரத்துக்கு மலைச் சைக்கிள் பந்தயமும் சேர்ந்தது.

பாதை கரடுமுரடான மண்ணும் கல்லும். சுமார் 50 மைல் போய் அதே வழியில் திரும்பவேண்டும். திரும்பும் இடம் கொலம்பைன் என்ற பழைய சுரங்கத்துக்கு அருகில், ஏறத்தாழ 12,500 அடி உயரத்தில் உள்ளது. செங்குத்தான இடங்களில் பலரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள்.

முதலில் வருபவருக்கு மட்டும் மரியாதை என்ற வழக்கம் இங்கே இல்லை. 12 மணி நேரத்துக்குள் முடித்த அனைவருக்கும் பெல்ட்டில் மாட்டும் பக்கிள் பரிசு. 9 மணி நேரத்துக்குள் முடித்தால் அதைவிடப் பெரிய பக்கிள். டேவ் வீன்ஸ் என்பவர் 2003 முதல் 2008 வரை ஆறு முறை தொடர்ந்து வென்றார். ஆனால் அவர் ஒருவர் வந்து தங்கினால் ஒரு விடுதி அறைதான் நிறையும். பக்கிளுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மனிதர்கள் வருகிறார்கள். உடன் மனைவி, மக்கள், நண்பர்கள். ஊரை நிரப்புகிறவர்கள் இவர்களே.

ஓராண்டின் ஐந்தொகை

இந்தச் சாதாரண மனிதர்களை அமெச்சூர் என்கிறார்கள். அலுவலகத்திலோ கடையிலோ முழு நாள் வேலை பார்த்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் பழகுகிறவர்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாதலால் பெரும்பாலும் குலுக்கலில் பெயர் வரவேண்டும். வேறு சில பந்தயங்களில் தகுதி பெற்றும் நுழையலாம்.

பனிக்காலத்தில் பலர் வீட்டுக்குள்ளேயே நிறுத்தி வைத்த சைக்கிளை மிதிக்கிறார்கள். வசந்தத்தில் வார இறுதிகளில் நான்கு, ஐந்து மணி நேரம் மெதுவாக நெடுந்தூரம். கோடையில் சிறிய பந்தயங்கள். கடைசி இரண்டு வாரம் பயிற்சியைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு. இதைக் கேட்டு நாம் வியப்பதற்கில்லை. பண்டிகைச் சரக்கைப் பண்டிகைக்கு முதல் நாள் கொள்முதல் செய்கிறவர் நம்மில் யார்?

உடம்பின் கையிருப்புக் கணக்கும் நமக்குப் புரியும். தசையிலும் ஈரலிலும் சேமித்துள்ள மாவுச்சத்து, கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும். பந்தயமோ பன்னிரண்டு மணி நேரம். ஆகவே பசி எடுக்கும் முன்பே, மணிக்கு 60 கிராம் அளவுக்காவது மாவுச்சத்தோ சர்க்கரையோ உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். காலைக் குளிரில் உற்சாகமாக முந்திப் போகிறவர், 80ஆவது மைல் அருகில் வரும் பவர்லைன் ஏற்றத்தில் தள்ளாடுகிறார். நிதானமாகத் தொடங்கியவர் அங்கே அவரைக் கடந்து போகிறார். வழியில் தங்குமிடங்களுக்கும் நேரக் கெடு உண்டு. தவறினால் அத்துடன் நிறுத்திவிடுவார்கள்.

ஆண்டு முடிவில் இவர்கள் பார்ப்பது வெற்றி தோல்வியை மட்டும் அல்ல. எத்தனை நாள் ஓட்டினோம், எங்கே பாதியில் நின்றோம், காலா வயிறா சைக்கிளா எது காரணம், வீட்டாரிடமிருந்து எவ்வளவு நேரத்தை எடுத்தோம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். இந்தக் கடைசி இனத்தைச் செலவுப் பக்கம் எழுதாத ஐந்தொகை பொய்க் கணக்கு என்பது நம் கருத்து.

நாம் எண்ண வேண்டியது

பந்தயத்தால் லெட்வில் செல்வந்தர் ஊராகிவிடவில்லை. ஆண்டு முழுவதும் வந்த சுரங்கச் சம்பளத்துக்குச் சில நாள் கூட்டம் ஈடாகாது. 2010இல் பந்தயமே வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. 2012இல் சுரங்கம் மீண்டும் திறந்தும் பழைய அளவுக்கு ஆட்கள் இல்லை. ஆயினும் கைவிடப்பட்ட சுரங்க ஊர்கள் பல அடையாளமற்றுப் போன அந்த மலைகளில், லெட்வில்லின் பெயர் இன்று உலகின் பல பாகங்களிலும் தெரிகிறது.

வெள்ளியும் மாலிப்டினமும் தனித்தனியே ஒற்றைப் பெரிய வாடிக்கையாளர் போன்றவை. இருக்கும்வரை குறையில்லை, போகும்போது ஒரே நாளில் போகும். பந்தயத்துக்கு வரும் ஆயிரம் பேரோ ஆளுக்குச் சில நாள் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கொடுத்துப் போகிறவர்கள். அவர்களில் பத்துப் பேர் வராவிட்டாலும் கடை மூடாது.

இந்த மாதம் நம் பேரேட்டை ஒருமுறை புரட்டுவோம். மொத்த விற்பனையில் எத்தனை பங்கு ஒரே விடுதிக்கு, ஒரே ஆலைக்கு, ஒரே பெரிய கைக்குப் போகிறது என்று பார்ப்போம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்றால், அந்தக் கை நம்மிடம் நன்றாக இருக்கும்போதே சில்லறைக்கு வரும் நூறு பேரைத் தேடத் தொடங்குவது நலம். கால் கிலோ பருப்பு வாங்க வருபவரை நிற்க வைத்துவிட்டு மூட்டைக்காரரைக் கவனிக்கும் பழக்கம் நம் கடைகளில் இருந்தால், அதை இன்றே மாற்றிக்கொள்ளும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.