பாய் ஏன் தொங்க மறுக்கிறது?

ஒரு வேட்டியை ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் மிச்சமெல்லாம் மடிந்து சரிந்து தரையைத் தொடும். அதே வேட்டியிலிருந்து ஒரு விரல் அகலம், ஒரு விரற்கணு நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, ஓரத்தைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். நூலும் அதே, நெசவும் அதே. ஆனால் துண்டு வளையாமல் நீட்டிக்கொண்டு நிற்கும்.

மரத்தில் மாதிரிக் கப்பல் செய்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். உடற்பகுதியை இழைத்துத் தேய்த்து அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடலாம். பீரங்கிகளை வார்த்து வைக்கலாம். பாய்மரம் நட்டு, கயிறு கட்டி, பாய் ஏற்றும் கட்டம் வந்ததும் துணியும் நூலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கைப்பழக்கம் போதாததால் வரும் தொல்லை என்றுதான் புதிதாகத் தொடங்குகிறவர் நினைப்பார். உண்மையில் அவர் மல்லுக்கட்டுவது இயற்பியலோடு.

உலகில் மிகுதியானோர் மாதிரி செய்திருக்கும் கப்பல்களில் ஒன்று பிரிட்டனின் 'விக்டரி'. 1765-இல் சாத்தம் துறையில் நீரில் இறங்கியது. 1805 டிரஃபால்கர் கடற்போரில் தளபதி நெல்சன் உயிர்விட்டது இதில்தான். 1922 முதல் போர்ட்ஸ்மத்தின் உலர்துறையில் நிற்கிறது. மூன்று பாய்மரங்கள், 37 பாய்கள், ஏறக்குறைய 42 கிலோமீட்டர் கயிறு, 768 மரக் கப்பிகள். இதை நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் மேசைமேல் வைக்கத்தக்க, முக்கால் மீட்டருக்கும் குறைவான உடல் கிடைக்கும். கயிறு 420 மீட்டர் நூலாகிவிடும். கணக்கு அதுவரை நேராகத்தான் போகிறது.

சிக்கல் எடையில் தொடங்குகிறது. நீளம் நூறில் ஒன்றானால் பரப்பு பத்தாயிரத்தில் ஒன்று. எடையோ பத்து லட்சத்தில் ஒன்று. டிரஃபால்கரில் இந்தக் கப்பலின் முன்மரத்தில் பறந்த மேற்பாய் ஒன்று இன்றும் பத்திரமாக இருக்கிறது. தொண்ணூறு குண்டுத் துளைகளோடு, அடிப்பக்கம் 80 அடி அகலத்தோடு, சுமார் 370 கிலோ எடையோடு. அதன் மாதிரி எவ்வளவு இருக்க வேண்டும்? ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அவ்வளவு லேசான துணி கடைகளில் கிடைக்காது. மெல்லிய ஜப்பானியத் தாள்தான் அந்தக் கனத்துக்குப் பக்கத்தில் வரும். தேர்ந்த கைவினைஞர்கள் பலர் துணியைக் கைவிட்டுத் தாளுக்குப் போனது இதனால்தான்.

துணியின் விறைப்பை முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் பியர்ஸ். மான்செஸ்டரின் ஷெர்லி நிலையத்தில் பருத்தி ஆய்வு செய்தவர். 1930-இல் அவர் எழுதிய கட்டுரையை நெசவுப் பொறியாளர்கள் இன்றும் எடுத்தாளுகிறார்கள். முறை மிக எளிது. ஒரு துணிப்பட்டையை மேசை விளிம்பைத் தாண்டி மெல்லத் தள்ள வேண்டும். தன் எடையால் அது ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குச் சரியும்போது எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அதில் பாதிதான் அந்தத் துணியின் 'வளைவு நீளம்'. சாதாரணப் பருத்தித் துணிக்கு அது இரண்டு சென்டிமீட்டர் அக்கம்பக்கத்தில் வரும். இந்த நீளத்தைவிடச் சிறியதாக வெட்டினால் துணி தன் எடையால் மடியாது. துணியை வேட்டியாகக் கட்டினாலும் பொம்மைக்குச் சட்டை தைத்தாலும் அந்த இரண்டு சென்டிமீட்டர் அப்படியே இருக்கும்.

இப்போது மாதிரியைப் பாருங்கள். பாயைச் சுருட்டி மேலே இழுக்கும்போது அசல் கப்பலில் சாண் அகலச் சுருக்கங்கள் நூறு விழும். மாதிரியில் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த சுருக்கம் தானாக விழாது. நூறால் பெருக்கினால் அது அசலில் இரண்டு மீட்டர் அகல மடிப்பு. அப்படி மடியும் பாயை எந்த மாலுமியும் கண்டிருக்க மாட்டான். நம் கண் எண்களைக் கணக்குப் போடுவதில்லை என்றாலும் மடிப்பின் அளவை வைத்தே இது பொம்மை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறது.

துணியையும் நூறு மடங்கு மெலிதாக்கிவிட்டால்? அசல் பாய்த்துணி ஒரு மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், மாதிரிக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று வேண்டும். அப்படி ஒரு துணியை நெய்தே விட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் அது அசலைப்போல் தொங்காது என்பதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கும் செய்தி. கனத்தை மாற்றாமல் நீளத்தை மட்டும் நூறில் ஒன்றாக்கினால், நீளத்தோடு ஒப்பிட்ட தொய்வு பத்து லட்சம் மடங்கு குறைகிறது. கனத்தையும் சேர்த்துச் சுருக்கினால் விறைப்பு பெருமளவு விழுந்துவிடும். ஆனாலும் எடை இன்னும் வேகமாக விழுந்துவிடுவதால், தொய்வு அசலில் நூறில் ஒரு பங்குதான். கயிற்றுக்கும் இதே கணக்கு. அப்பழுக்கில்லாத நகல் செய்தாலும் அது நூறு மடங்கு விறைத்த நகலாகத்தான் இருக்கும்.

இதை முதலில் ஊன்றி யோசித்தவர் கலிலியோ. 1638-இல் லைடனில் அச்சான அவருடைய 'இரு புதிய அறிவியல்கள்' தொடங்குவதே வெனிஸ் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில்தான். பெரிய கப்பலை நீரில் இறக்கும்போது மட்டும் ஏன் அளவுக்கு மீறி முட்டுக் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு, பெரியது தன் எடையாலேயே உடையும், சிறியதற்கு அந்த அச்சமில்லை என்று அங்கிருந்த ஒரு பழந்தொழிலாளி விடை சொல்கிறார். மாதிரி செய்பவர் அதே விதியை மறுமுனையிலிருந்து சந்திக்கிறார்: அவருடைய கப்பலுக்கு உடையும் பயமே இல்லை, தொங்கும் பாக்கியமும் இல்லை.

ஈர்ப்புவிசை கைவிட்ட இடத்தில் வேறொரு விசையைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறார்கள். நீரின் பரப்பு இழுவிசை மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த அளவுகளில் ஈர்ப்பைவிட வலிமையானது. மழைத்துளி இலையில் உருண்டையாக நிற்பது அதனால்தான். மாதிரிக் கப்பலில் கயிறுகளின் உலகமும் அந்த அளவில்தான் இருக்கிறது. ஆகவே நூலை நீர்த்த பசையில் நனைக்கிறார்கள். ஈரம் நூலை நூலோடு ஒட்டி இழுக்கிறது. ஊசிமுனையால் கீழ்நோக்கி நீவிவிட்டு, காயும்வரை சிறு எடை ஒன்றைத் தொங்கவிட்டால் அந்தத் தொய்வு அப்படியே உறைந்துவிடும். பாயையும் இப்படித்தான் காற்று நிறைந்ததுபோல் புடைக்கவைத்துக் காயவிடுகிறார்கள். நாம் பார்ப்பது பசையில் செதுக்கிய காற்று. இதை ஏமாற்று என்று சொல்லும் தூய்மைவாதிகள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை; விதி ஒத்துழைக்காத இடத்தில் கண்ணுக்கு உண்மையானதைத் தருவது நியாயமான வேலைதான்.

இந்த வேலையில் கயிறு இரண்டு வகை. பாய்மரத்தைப் பக்கங்களிலும் முன்னும் பின்னும் இழுத்துப் பிடித்து அசையாமல் நிற்பது ஒரு வகை. தார் பூசியிருப்பதால் கருத்திருக்கும். பாயை ஏற்றும் ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுக்கும் தாமான், பாயைத் தாங்கும் குறுக்குமரமான பருமலைத் திருப்பும் கயிறு என்று ஓடியாடி உழைப்பது இன்னொரு வகை. அது நாரின் பழுப்பு நிறத்திலேயே இருக்கும். முன்னதை அடியிலிருந்து மேல்நோக்கி, வலப்பக்கம் ஒரு சோடி, இடப்பக்கம் ஒரு சோடி என்று மாற்றி மாற்றிக் கட்டுவது அசல் கப்பலின் முறை. ஒரே பக்கமாகக் கட்டிக்கொண்டே போனால் பென்சில் கனமுள்ள மாதிரிப் பாய்மரம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் மாதிரியிலும் அதையே கடைப்பிடிக்கிறார்கள். மாலுமிகள் ஏறும் குறுக்குக் கயிற்றுப் படிகள் அசலில் முக்கால் முழ இடைவெளியில் இருக்கும்; மாதிரியில் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர். முடிச்சுகள் நூற்றுக்கணக்கில். சற்றே இறுக்கிவிட்டால் நெடுங்கயிறுகள் உள்நோக்கி இடுங்கிவிடும்.

தையற்கடை நூலை அப்படியே கட்டினால் எடுபடாது. பருத்தி இழை ஒன்றின் கனம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒன்று அளவுக்கு வரும். மாதிரியின் கணக்கில் அது இரண்டு மில்லிமீட்டர். நூலிலிருந்து பிதுங்கும் ஒவ்வொரு பிசிரும் கம்பித் துண்டாகத் தெரியும். தேன்மெழுகில் இழுத்துப் பிசிரை அடக்குவார்கள். இன்னும் அக்கறையுள்ளவர்கள் சிறு முறுக்கு இயந்திரம் ஒன்றைச் செய்து தங்கள் கயிற்றைத் தாங்களே திரிக்கிறார்கள். விக்டரி பிறந்த சாத்தத்தில் 346 மீட்டர் நீளக் கயிற்றுக்கூடம் இன்றும் கயிறு திரித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவு நீளம் வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம், முறுக்க முறுக்கப் புரி மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடுவது. புரிகளை ஒரு திசையில் முறுக்கி, அவற்றை ஒன்றுசேர்க்கும்போது எதிர்த்திசையில் முறுக்குவதால் இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று அவிழவிடாமல் பூட்டிக்கொள்கின்றன. எவ்வளவு முறுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அது நாரைப் பொறுத்ததல்ல, வடிவக் கணிதத்தைப் பொறுத்தது என்று டென்மார்க்கின் இயற்பியலாளர்கள் யாக்கோப் போர், காஸ்பர் ஓல்சன் இருவரும் காட்டினார்கள். அந்த எல்லையில் உள்ள கயிறு இழுத்தாலும் எந்தப் பக்கமும் சுழலாது. சாத்தத்து வடமானாலும் மேசைமேல் திரித்த நூலானாலும் எல்லை ஒன்றே.

அளவைப் பொருட்படுத்தாத இன்னொன்றும் உண்டு. கப்பலின் பக்கச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் மர முளைகளில் கயிற்றை எட்டு வடிவில் சுற்றிக் கட்டுவார்கள். ஒரு முழுச் சுற்றே மிதமான உராய்வில் இழுவையை ஆறு மடங்குக்கு மேல் தாங்கும். மூன்று சுற்று என்றால் இருநூறு மடங்கைத் தாண்டிவிடும். ஒரு சிறுவனின் பிடி பெரும்பாயை நிறுத்திவிடலாம். கணிதமேதை ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டில் தந்த இந்தச் சூத்திரத்தில் முளையின் பருமனுக்கு இடமே இல்லை. ஆகவே குண்டூசி கனமுள்ள முளையிலும் அதே மூன்று சுற்று அதே வேலையைச் செய்ய வேண்டும். செய்யும்தான், விறைத்த நூல் துள்ளி அவிழாமல் இருந்தால்!

பிறகு ஈரம். சணல், ஆளி, பருத்தி போன்ற தாவர நார்கள் ஈரத்தில் குறுக்குவாட்டில் பருக்கும். முறுக்கிய கயிறு பருத்தால் நீளம் குறையும். மழைக்காலத்தில் மாதிரிக் கப்பலின் கயிறுகள் விண்ணென்று இறுகி, பாய்மர நுனியை வளைப்பதும், கோடையில் தளர்வதும் இதனால். மயிர் இதற்கு நேர் எதிர்: ஈரத்தில் நீளும். 1783-இல் சுவிட்சர்லாந்தின் சோசூர் ஈரப்பதமானி செய்தது அந்தக் குணத்தை வைத்துத்தான். மயிரை மாதிரிக் கயிறாக்கியவர்களும் உண்டு. நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்டு, பீட்டர்பரோ அருகே நார்மன் கிராஸ் முதலிய முகாம்களில் அடைபட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகள், உணவில் மிஞ்சிய எலும்பில் நுணுக்கமான கப்பல்கள் செய்து விற்றார்கள். அவற்றில் சிலவற்றுக்குக் கயிறு மனித முடி. முடியின் கனம் நூறு மடங்கானால் விரல் பருமன்கூட வராது. அவ்வளவு பொருத்தமான கயிறு அவர்கள் தலையிலேயே இருந்தது.

மாதிரியை நிஜமாகவே குளத்தில் ஓட விடலாமா? ஐம்பதில் ஒரு பங்கு மாதிரியை எடுத்துக்கொள்வோம். கப்பலைச் சாய்க்கும் காற்றின் திருகுவிசை, அதே காற்றில், நீளத்தின் மும்மடியாகக் குறைகிறது. நிமிர்த்தும் திருகுவிசை நான்மடியாகக் குறைகிறது. ஆக, மாதிரி ஐம்பது மடங்கு எளிதாகக் கவிழும். காற்று ஏழில் ஒரு பங்கு வேகத்தில் (ஐம்பதின் வர்க்கமூலம் ஏறக்குறைய ஏழு) வீசினால்தான் அசல்போல் சாயும். இந்த வர்க்கமூல விதியை அலைகளிலும் கண்டு, டார்கியில் மாதிரிகளை இழுத்துச் சோதிக்கும் தொட்டி கட்டியவர் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட். கப்பல் வடிவமைப்பு அதன்பின் ஊகத்தை விட்டுக் கணக்குக்கு வந்தது. குளத்தில் ஓடும் மாதிரிகளின் அடியில் ஈயக் குண்டோடு ஆழமாக இறங்கும் தகடு ஒன்றைப் பூட்டுகிறார்கள். அலமாரியில் வைக்கும்போது கழற்றிவிடுவார்கள்.

முதல் கப்பல் செய்யப்போகிறவர்கள் பாய்களை விரிக்காமல் பருமலோடு சுருட்டிக் கட்டிவிடுவதே நல்லது. அதிலும் முழுப் பாயைச் சுருட்டினால் தலையணைபோல் பருத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கே தாளை வெட்டிச் சுருட்டுங்கள். தையல்களை ஊசியால் போடாதீர்கள்; நூறில் ஒரு பங்கு மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தையல் அசலில் பத்து சென்டிமீட்டர். கூரான பென்சில் கோடு போதும். வெள்ளையாகத் தெரிந்தால் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுங்கள்.

அருங்காட்சியகத்தில் ஒரு மாதிரிக் கப்பலைக் காண நேர்ந்தால், பீரங்கிகளையும் முகப்புச் சிற்பத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் முளைகளில் மாட்டியிருக்கும் கயிற்றுச் சுருள்களைப் பாருங்கள். அவை விறைத்து விரிந்து நிற்காமல் தளர்ந்து கீழே விழுந்திருந்தால் செய்தவர் கைதேர்ந்தவர்.