நஞ்சு தின்னும் புழுவும் நாம் அடிக்கும் மருந்தும்

காட்டுப்பாக்கத்தில் தனி வீடு என்றால், காம்பவுண்டு ஓரம் ஒரு கறிவேப்பிலைக் கன்றாவது நிற்கும். அது துளிர்விட்ட சில நாட்களில் இலைமேல் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் நகரும். அது ‘எலுமிச்சை அழகி’ வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் இலைப்பச்சை நிறத்துக்கு மாறிவிடும். குச்சியால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் பரப்பும். நாலைந்து புழு சேர்ந்தால் சின்னக் கன்று மொட்டைதான்.

நமக்குத் தாளிப்பு மணமாகத் தெரிவது செடிக்குக் காவல். வாசனை எண்ணெய், கார்பசோல் அல்கலாய்டு என்று கறிவேப்பிலை கைவசம் வைத்திருக்கும் ரசாயனங்கள் பல. அத்தனையையும் இந்தப் புழு தின்று தீர்க்கிறது.

எப்படி? இதற்கு உறவான அமெரிக்கக் கருப்பு ஸ்வாலோடெயில் புழுவை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மே பெரன்பாம் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அது தின்னும் கேரட் குடும்பச் செடிகளில் சாந்தோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. வெயில் பட்டால் டி.என்.ஏ.வையே முடக்கிவிடும். புழுவின் குடலிலுள்ள ‘பி450’ நொதி அதில் ஆக்சிஜனைச் சேர்த்து, வீரியத்தை முறிக்கிறது. நஞ்சு உள்ளே போகப் போக நொதி உற்பத்தியும் கூடுகிறது.

நஞ்சை முறிக்காமலே தப்பிப்பதும் உண்டு. காலி மனைகளில் மண்டும் எருக்கின் பால், உயிரணுக்களின் சோடியம்-பொட்டாசியம் பம்பை அடைத்துவிடும். எருக்கின் உறவுச் செடிகளைத் தின்னும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிக்கு அந்தப் பம்பின் அமைப்பே சற்று மாறியிருப்பதால் நஞ்சு பிடிப்பதில்லை. 2019இல் அதே மாற்றங்களைப் பழ ஈயின் மரபணுவில் செய்து பார்த்தார்கள், ஈயும் தாக்குப்பிடித்தது. நம்மூர் எருக்கில் வளரும் ‘வெந்தய வரியன்’ அந்த நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துப் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது.

மாடித்தோட்டக் கத்தரியைப் படுத்தும் வெள்ளை ஈ எல்லோரையும் மிஞ்சியது. செடியின் நஞ்சை முறிக்கும் மரபணு ஒன்றை எப்போதோ ஒரு செடியிடமிருந்தே அது பெற்றுவிட்டதாகச் சீன விஞ்ஞானிகள் 2021இல் கண்டறிந்தனர். அந்த மரபணுவை அடக்கும்படி மாற்றிய தக்காளிச் செடியில் விட்டபோது, ஈக்கள் ஏறக்குறைய எல்லாமே செத்தன.

மருந்தடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகள் பூச்சியின் நரம்பில் நிகோட்டின் தாக்கும் அதே இடத்தைத் தாக்குபவை. புகையிலையில் வாழும் அசுவினி நிகோட்டினை முறிக்க ஏராளமாகச் சுரக்கும் பி450 நொதி, இமிடாகுளோப்ரிட்டையும் முறிக்கிறது என்று 2013இல் தெரியவந்தது. செடியோடு போராடிப் பெற்ற ஆயுதத்தைப் பூச்சி நம் மருந்தின்மேலும் திருப்புகிறது.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதை முறிக்கத் தெரிந்தவை மட்டும் பிழைத்துப் பெருகும். கறிவேப்பிலையோ நேரே குழம்புக்குப் போகும் இலை. அதிலுள்ள நாலு புழுவைக் கையால் பொறுக்கிப் போடுவதே மேல். அதை முறிக்கும் நொதி எந்தப் பூச்சியிடமும் இல்லை.