பத்துப் பேர் கூடும் இடம்: பெருந்தொற்றும் யூதர்தம் கூட்டு வழிபாடும்

பெருந்தொற்றுக் காலம் தமிழுக்குச் சில புதுத் தொடர்களைத் தந்து சென்றது. அவற்றுள் மலேசிய ஏடுகள் ஆண்ட 'கூடல் இடைவெளி' என்பது நம் கருத்தை ஈர்க்கிறது. தமிழ்நாட்டில் முதலில் 'சமூக இடைவெளி' என்றனர். தீண்டாமையின் நிழல் அச்சொல்லில் படிவதாகச் சிலர் சுட்டிய பின்னர் 'தனிமனித இடைவெளி' என்பதும் வழக்கிற்கு வந்தது. விலக வேண்டியவை உடல்களேயன்றி உறவுகள் அல்ல என்னும் கருத்தில், உலகச் சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சில் 'உடல்சார் இடைவெளி' என்னும் பொருள்படும் தொடரையே விரும்பியது. 'கூடல் இடைவெளி' என்பதோ முரணான இரு சொற்களை அருகருகே நிறுத்துகிறது. கூடலும் வேண்டும், இடைவெளியும் வேண்டும் என்றால், எத்தனை பேர், எவ்வளவு அணுக்கத்தில் இருப்பது கூட்டம் எனப்படும்?

இவ்வினாவைச் சட்ட நுணுக்கத்தோடு நெடுங்காலமாக ஆய்ந்து வருவோர் யூதர். எபிரேயம் என்றதும் விவிலியத்தின் 'துக்கி' நம் 'தோகை'தானா என்ற பழைய வழக்கு மாணவர் பலருக்கு நினைவில் எழும். அதனை இங்கு நாம் தொடப்போவதில்லை. யூதர்தம் வழிபாட்டு வாழ்வு சில சொற்களின் பொருள்வரையறை மீது எவ்வாறு நிற்கிறது என்பதையும், 2020-இல் அவ்வரையறைகள் எவ்வாறு சோதனைக்கு உள்ளாயின என்பதையும் மட்டும் காண்போம்.

முதலில் இடத்தின் பெயர். பழைய தமிழ் விவிலியம் யூதரின் வழிபாட்டிடத்தை 'ஜெப ஆலயம்' என்றது. பிற்காலப் பொதுமொழிபெயர்ப்பு 'தொழுகைக்கூடம்' என்கிறது. இரண்டிலும் வேண்டுதலே முன்நிற்கிறது. எபிரேயப் பெயராகிய 'பேத் கெனெசெத்' என்பதற்கோ 'கூடும் வீடு' என்பதே பொருள். இன்றைய இசுரேலின் நாடாளுமன்றமும் அதே வேரிலிருந்து பெயர் பெற்றது. கிரேக்கத்திலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற 'சினகாக்' என்ற சொல்லும் 'ஒன்றுசேர்த்தல்' என்னும் பொருளுடையதே. தொழுகைக்கூடம் என்பதில் 'கூடு' என்னும் வினை ஒளிந்திருப்பதால், அம்மொழிபெயர்ப்பாளர் மூலத்திற்குச் சற்று நெருங்கி வந்துவிட்டார் எனலாம்.

அடுத்தது எண். தனித்து இருந்தே சொல்லத்தக்க வேண்டுதல்கள் யூத மரபில் பல உண்டு. ஆயினும் இறைவனின் தூய்மையை அவையில் போற்றும் பகுதிகளையும், தோராச் சுருளை முறைப்படி பொதுவில் ஓதுவதையும், 'கதிஷ்' என்னும் புகழுரையையும் பத்துப் பேர் இல்லாமல் நிகழ்த்தலாகாது. இப்பதின்மர் குழுவிற்கு 'மின்யான்' என்று பெயர். 'எண்ணுதல்' என்னும் வேரில் பிறந்த சொல். பதின்மூன்று வயது நிறைந்த ஆடவரையே வைதிகப் பிரிவினர் எண்ணுவர்; சீர்திருத்தப் பிரிவினரும் 'கன்சர்வேட்டிவ்' எனப்படும் பிரிவினருள் மிகப் பெரும்பாலோரும் பெண்களையும் எண்ணுவர். பெயரே எண்ணிக்கையாயினும் மனிதரை நேரே ஒன்று, இரண்டு என எண்ணுவது மரபன்று. பத்துச் சொற்கள் கொண்ட ஒரு திருப்பாடல் அடியைச் சொல்லி, சொல்லுக்கு ஒருவராகக் கணக்கிடுவர்.

ஏன் பத்து? தல்மூதின் மெகில்லாப் பகுதி தரும் விடை, உரையாசிரியர்களைப் பயின்ற நமக்கு அயலாகத் தோன்றாது. லேவியர் நூலில் மக்களின் 'நடுவே' இறைவன் தூயவனாகப் போற்றப்படுவான் என்னும் கருத்து வருகிறது. அதே 'நடுவே' என்னும் சொல் எண்ணிக்கை நூலில் 'சபை' என்னும் சொல்லோடு இணைந்து வருகிறது. அந்தச் 'சபை' என்னும் சொல் அந்நூலிலேயே வேறோரிடத்தில், வேவு பார்க்கச் சென்ற பன்னிருவருள் யோசுவா, காலேப் ஆகிய இருவர் நீங்கலாக எஞ்சிய பதின்மரைக் குறிக்கிறது. ஆகவே சபை என்பது பத்து. இறைவனைப் போற்றும் 'நடு'வும் பத்து. ஒரு சொல்லின் பொருளை அது பயின்று வரும் பிற இடங்களைக் கொண்டு துணியும் முறை இது. அப்பதின்மரோ நம்பிக்கையிழந்து முறுமுறுத்தவர்கள். சபையாவதற்கு நல்லோராக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனையாகவில்லை.

மூன்றாவதும் நம் பொருளுக்கு இன்றியமையாததுமான சொல் 'கதிஷ்'. பெரும்பகுதி அரமேய மொழியில் அமைந்தது இது. தாயையோ தந்தையையோ இழந்தவர் பதினொரு மாதங்கள் நாள்தோறும் தொழுகையில் இதனைச் சொல்வது வழக்கம். இதில் இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழுவதும் இறைவனின் பெயரைப் புகழ்வதே. துயருற்றவர் ஓர் அடி சொல்ல, சூழ நிற்போர் 'ஆமென்' என்று விடையிறுப்பர். இடையில் ஒரு நீண்ட விடையடியும் உண்டு. மொழியியல் நோக்கில் இது இருதரப்பு உரைச்செயல். விடையிறுப்போர் இல்லையேல் நிறைவுறாது. நாள்தோறும் ஒன்பது பேரைத் தேடிச் செல்லும் கட்டாயத்தைத் துயருற்றவருக்கு அது விதிக்கிறது. தனிமையில் அமிழ்ந்துவிடாமல் அவரை ஊரோடு கட்டி வைக்கும் கயிறு அதுவே என்பது நம் கருத்து.

அக்கயிறுதான் 2020-இல் அறுந்தது. நியூயார்க்கு மாநிலத்தின் நியூ ரோசெல் நகரில் ஒரு தொழுகைக்கூடத்தைச் சூழ்ந்து தொற்று பரவவே, மார்ச் 10-ஆம் நாள் அதனை நடுவாகக் கொண்டு ஒரு மைல் ஆரத்திற்குள் பெருங்கூட்டங்களுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில், அருகிலிருந்த நியூ ஜெர்சியின் பெர்கன் மாவட்டத்து வைதிக ரபிகள் தம் தொழுகைக்கூடங்கள் அனைத்தையும் தாமே மூடினர். வீடுகளில் மின்யான் கூட்டுவதையும் விலக்கினர். அரசின் ஆணைக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

அதற்குரிய அதிகாரம் அவர்தம் மரபிலேயே இருந்தது. 'பிக்குவாஹ் நெஃபெஷ்' என்னும் கோட்பாடு, உயிரைக் காப்பதற்காக ஓய்வுநாள் விதிகளையும் மீறலாம், மீறியே ஆகவேண்டும் என்கிறது. 'பிக்குவாஹ்' என்பது இடிபாடுகளை அகற்றுதல். 'நெஃபெஷ்' என்பது உயிர். ஓய்வுநாளில் சுவர் இடிந்து ஒருவர்மேல் விழுந்தால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே ஐயமாயினும் இடிபாட்டைத் தோண்டலாம் என்று தல்மூத் வாதிக்கும் இடத்திலிருந்து வந்த தொடர் இது. கட்டளைகள் மனிதர் அவற்றால் வாழ்வதற்கே அளிக்கப்பட்டன, மாள்வதற்கு அன்று என்பது அங்கே கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

முன்னுதாரணமும் இருந்தது. 1831-இல் பிரஷ்ய ஆட்சிக்கு உட்பட்டிருந்த போசென் பகுதியைக் காலரா தாக்கியது. அந்நகரின் தலைமை ரபி அகீபா ஏகர், சிற்றூர் ஒன்றில் ரபியாக இருந்த தம் மாணவருக்கு எழுதிய மடல் கிடைத்துள்ளது. நெருக்கமான இடத்தில் பலர் கூடுதல் தகாது. விடியற்காலை தொடங்கிப் பதினைந்து பேர் அளவிலான சிறு குழுக்களாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தொழலாம். எண்ணிக்கை மிகாமல் பார்த்துக்கொள்ளக் காவலர் ஒருவரை நிறுத்தலாம். இவை அவர் தந்த அறிவுரைகள். தொழுகையை நிறுத்தவும் இல்லை, கூட்டத்தைப் பெருக விடவும் இல்லை. பத்துக்கு மேல், ஆயினும் பத்தை ஒட்டியே ஓர் எண்ணை அவர் வகுத்தார். அவருடைய நடவடிக்கைகளுக்குப் பிரஷ்ய மன்னர் பாராட்டுத் தெரிவித்தார். 1848-இல் வில்னா நகரில் காலரா பரவியபோது, நோன்புக்குரிய பெருநாளிலும் மக்களை உண்ணுமாறு ரபி இசுரேல் சலந்தர் பணித்தார் என்ற கதை பல வடிவங்களில் வழங்குகிறது. கதை பலவாயினும் கருத்து ஒன்றே.

இசுரேலில் 2020 மார்ச் நடுவில் கூட்டங்களுக்கு அரசு விதித்த உச்சவரம்பும் பத்தே. ஒரு தொழுகைக்குக் குறைந்த அளவாக மரபு வைத்த எண், சிறிது காலம் மிகுந்த அளவாகவும் ஆயிற்று. பாஸ்கா விழாவில் பல்லாயிரவர் திரண்டு குருமரபினரின் ஆசி பெறும் எருசலேமின் மேற்குச் சுவரருகே, அவ்வாண்டு ஏப்ரலில் பதின்மர் மட்டுமே நின்றனர். எல்லாரும் உடனே பணிந்தனர் என்று கூறுவதற்கில்லை. கல்விக்கூடங்களை மூட வேண்டா என்று மார்ச் நடுவில் கருதிய மூத்த ரபி ஹைம் கனியேவ்ஸ்கி, அம்மாத இறுதியில் தனித்தே தொழுமாறு தீர்ப்பளித்தார். அதற்குள் அவர் வாழ்ந்த பினே பிராக் நகரில் தொற்று மிகுந்துவிட, ஏப்ரல் தொடக்கத்தில் அந்நகர் சுற்றி அடைக்கப்பட்டது. இரு வாரத் தாமதத்தின் விலையை அங்குள்ளோர் கொடுத்தனர்.

இவ்விடர்ப்பாட்டில் ஒரு பழைய விதி புத்துயிர் பெற்றது. யோசேப் காரோ இயற்றி 1565-இல் வெனிஸ் நகரில் அச்சான 'ஷுல்ஹான் அரூக்' என்னும் சட்டத்தொகுப்பு, பதின்மரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. உடனே ஒரு விலக்கும் தருகிறது: கூடத்திற்கு வெளியே நிற்பவர், இடையில் உள்ள சாளரம் பல மாடி உயரத்தில் இருப்பினும், அதன் வழியே தம் முகத்தைக் காட்டினால் பதின்மருள் ஒருவராக எண்ணப்படுவார். 2020-இன் இளவேனிலில் அடுக்ககங்களின் மாடிமுகப்புகளிலும் வீட்டு வாயில்களிலும் மின்யான்கள் தோன்றின. ஒருவர் முதல் மாடியிலிருந்து உரத்துச் சொல்ல, எதிர்ப்புற மாடிகளிலிருந்து 'ஆமென்' எழுந்தது. இதனைச் சில ரபிகள் ஏற்றனர். இடையே தெரு குறுக்கிடுவதால் இடம் ஒன்றாகாது என்று சிலர் மறுத்தனர்.

சாளரத்தில் காட்டும் முகம் செல்லுமெனில், கணினித் திரையில் காட்டும் முகம் செல்லாதா என்று மாணவர் கேட்கக்கூடும். இதே வினாவிற்குக் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழு 2001-இலேயே விடை கண்டிருந்தது. ரபி அவ்ரம் ரைஸ்னர் எழுதிய அத்தீர்ப்புரையின்படி இணையத்தால் மின்யான் அமையாது. ஆனால் ஓரிடத்தில் பதின்மர் கூடியிருப்பின், தொலைவிலிருந்து கேட்பவர் அவர்களோடு விடையிறுக்கலாம். 2020 மார்ச்சில் பதின்மர் கூடுவதே இடராயிற்று. அப்போது அக்குழுவின் தலைவர்களான ரபிகள் எலியட் டார்ஃப், பமேலா பார்மாஷ் இருவரும், நெருக்கடி நீடிக்கும் வரை ஒருவரையொருவர் காணவும் கேட்கவும் இயலுமாயின் திரைவழி மின்யானை ஏற்கும் உரிமையை அந்தந்த ஊர் ரபிக்கு அளித்தனர். ஓய்வுநாளில் கருவியை இயக்குதல் ஆகாதே என்ற சிக்கலுக்கு, முன்னரே இயக்கி வைத்தல் முதலான வழிகளை ஆராய்ந்த ரபி ஜோஷுவா ஹெல்லரின் தீர்ப்புரை மே மாதம் ஏற்கப்பட்டது. வைதிகப் பிரிவினரோ திரைவழி மின்யானை ஏற்கவில்லை. ஒளியும் ஒலியும் வந்து சேர்வது ஆள் வந்து சேர்வதாகாது என்பது அவர்தம் நிலை. இவ்விரு தரப்பும் பழமை, புதுமை என்று பிரிந்து நின்றதாகக் கருதுவது மேலோட்டமான பார்வை. 'ஒரே இடம்' என்னும் தொடரில் எச்சொல் அழுத்தம் பெறும் என்பதிலேயே இருவரும் வேறுபட்டனர்.

அவ்வைதிக வட்டத்திற்குள்ளும் ஓர் உடைப்பு நேர்ந்தது. 2020-இல் பாஸ்கா ஏப்ரல் 8 மாலையில் தொடங்கியது. அன்றிரவு விருந்து, பசித்தோர் எவராயினும் வந்து உண்க என்னும் அரமேய அழைப்பைக் கொண்டது; அவ்வாண்டு அது அடைத்த கதவுகளுக்குள் சொல்லப்பட்டது. தனித்திருக்கும் முதியோரின் மனச்சோர்வைக் கருதி, விழா தொடங்குமுன் இயக்கிவைத்த கருவி வழியே குடும்பத்தார் ஒன்றுசேரலாம் என்று இசுரேலில் பதினான்கு செபார்டிய ரபிகள் இசைவளித்தனர். தலைமை ரபிகள் அதனை ஏற்க மறுத்தனர். தனிமையின் துயரும் உயிருக்கு இடராகுமா என்னும் வினாவையே அப்பதினால்வர் எழுப்பினர் என நாம் கொள்கிறோம். அவ்வினா இன்னும் முடிவுறவில்லை.

நமக்கு அண்மையிலும் அவ்விரவு வந்தது. சிங்கப்பூரின் வாட்டர்லூ ஸ்திரீட்டில், ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் உள்ள அதே தெருவில், 1878-இல் அமைந்த மகேன் அபோத் தொழுகைக்கூடம் உள்ளது. 'முன்னோரின் கேடயம்' என்பது அப்பெயரின் பொருள். 'சர்க்கிட் பிரேக்கர்' எனப்பட்ட கட்டுப்பாடுகள் இங்கே தொடங்கியது ஏப்ரல் 7, பாஸ்காவிற்கு முந்திய நாள். ஒரே தெருவில் இருமரபினரின் வாயில்களும் அடைபட்டிருந்தன. தனியொருவர் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டாலும் நம் வழிபாடு குறைவுபடுவதில்லை. பத்தாமவர் வாராவிடில் யூதரின் கதிஷ் தொடங்குவதே இல்லை.

கதிஷ் சொல்ல இயலாதவருக்கு ரபிகள் மாற்று வழிகள் கூறினர். இறந்தவர் பெயரால் திருநூல் பயிலலாம், அறம் செய்யலாம். எங்கேனும் மின்யான் கூடுமிடத்தில் உள்ள ஒருவர் பலர் சார்பாகவும் சொல்லலாம். துக்க வீட்டில் ஏழு நாள் அமர்ந்திருப்போரைத் தொலைபேசியிலும் திரையிலும் உறவினர் தேற்றினர். இலையுதிர்காலத்தில், புத்தாண்டுக்குரிய கொம்பூதல் பல ஊர்களில் பூங்காக்களுக்கும் தெருமுனைகளுக்கும் வந்தது. கொம்பின் வாயை முகக்கவசத்தால் மூடி ஊதியோரும் உண்டு. தொழுகை வெளிமுற்றங்களிலும் கூடாரங்களிலும் இடைவெளியிட்ட இருக்கைகளோடு மெல்ல மீண்டது. ஆயினும் 2020 மார்ச்சில் தந்தையை இழந்த ஒருவருக்குரிய பதினொரு மாதம் 2021 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. தடுப்பூசி பல நாடுகளில் அப்போதுதான் முதியோரை எட்டத் தொடங்கியிருந்தது.