வீட்டு மிக்ஸிங்குக்கு எந்தச் சேனல் ஸ்ட்ரிப்?

ஒலிப்பதிவுக் கூடத்து மிக்ஸிங் கன்சோலில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலிருந்து கீழாக ஒரு வரிசைக் குமிழ்கள் உண்டு. அடித்தள உறுமலை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர், ஈக்யூ, சிலவற்றில் கம்ப்ரெஸ்ஸரும் கேட்டும், கடைசியில் ஃபேடர். அந்த வரிசைதான் சேனல் ஸ்ட்ரிப். அதையே கணினித் திரையில் ஒரே ஜன்னலில் தருகிறது ப்ளக்இன்.

இன்று விற்பனையாகும் ப்ளக்இன்களில் பல, இங்கிலாந்தின் எஸ்எஸ்எல் நிறுவனத்து 4000 வரிசைக் கன்சோலைப் பார்த்துச் செய்தவை. ஒவ்வொரு சேனலிலும் கம்ப்ரெஸ்ஸரையும் கேட்டையும் பொருத்தித் தந்ததுதான் அதன் பெருமை. 1980களின் பாப் இசையில் அந்தக் கன்சோலின் முத்திரை ஆழமானது. வேவ்ஸ், பிரெய்ன்வொர்க்ஸ், எஸ்எஸ்எல் என மூவருமே அதற்கு ப்ளக்இன் வடிவம் தந்திருக்கிறார்கள். இன்னொரு மரபு நீவ் நிறுவனத்துடையது. அதன் புகழ்பெற்ற 1073 மாட்யூலில் கம்ப்ரெஸ்ஸரே கிடையாது. உச்ச ஒலிக்கான ஈக்யூவும் 12 கிலோஹெர்ட்ஸில் நிலையாக நிற்கும். கூட்டலாம், குறைக்கலாம், இடம் மாற்ற முடியாது.

எதை வாங்குவது? நல்ல நகல்களுக்குள் ஒலியில் இருக்கும் வேறுபாடு, விளம்பரங்கள் சொல்வதைவிட மிகச் சிறியது. குமிழ்கள் என்ன செய்ய அனுமதிக்கின்றன என்பதே முக்கியம். முதலில் கம்ப்ரெஸ்ஸரைப் பாருங்கள். எஸ்எஸ்எல் சேனலில் அட்டாக் நேரத்தை, அதாவது ஒலி உயர்ந்ததும் எவ்வளவு விரைவில் அடக்குவது என்பதை, கம்ப்ரெஸ்ஸரே தீர்மானிக்கும், அல்லது பொத்தானை அழுத்தி வேகமாக்கலாம். நடுவே எதுவும் இல்லை. பாடும் குரலுக்கு அது போதும். மிருதங்கத்துக்குப் போதாது. விரல் தோலில் விழும் முதல் கணத்தைத் தொடாமல் விட்டு, பின்தொடரும் நாதத்தை மட்டும் அடக்க வேண்டுமென்றால் அட்டாக்கை நாமே மில்லிசெகண்டில் அமைக்க முடிய வேண்டும். ஆகவே தாளவாத்தியம் அதிகம் பதிபவர்கள் அட்டாக் குமிழ் இருக்கும் ஸ்ட்ரிப்பையே தேடட்டும். மின்விசிறி ஓடும் அறையில் குரல் பதிபவர்களுக்கு ஹை-பாஸ் ஃபில்டரும், மெதுவாக மூடும் கேட்டும் அவசியம். ஈக்யூவை கம்ப்ரெஸ்ஸருக்கு முன்னும் பின்னும் மாற்றி வைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. பழைய மடிக்கணினி என்றால், முப்பது ட்ராக்கில் போட்டாலும் திணறாததாக இருக்க வேண்டும்.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. சத்தம் சற்றுக் கூடினாலே காது அதை அழகு என்று நம்பிவிடும். ப்ளக்இன் போட்ட பிறகும் போடாமலும் ஒரே அளவில் ஒலிக்கும்படி அவுட்புட் குமிழைச் சரிசெய்த பிறகே ஒப்பிடுங்கள். கன்சோல் நகல்களில் பல, சிக்னலின் சராசரி மைனஸ் 18 டெசிபல் (dBFS) அருகே இருக்கும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்டவை. அதைவிட மிக உரக்க ஊட்டினால் நீங்கள் கேட்பது அதன் இயல்பான ஒலி அல்ல.

வாங்கும் முன் இன்னொன்று. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், அதனோடே வரும் ஈக்யூ, கம்ப்ரெஸ்ஸர், கேட் மூன்றையும் அடுக்கி ஒரே செயினாகச் சேமித்தாலே சொந்த ஸ்ட்ரிப் தயார். அதைக் கொண்டு ஒரு பாட்டையும், வாங்க நினைக்கும் ஸ்ட்ரிப்பின் இலவச சோதனைப் பதிப்பைக் கொண்டு அதே பாட்டையும் முழுதாக முடித்துப் பாருங்கள். இரண்டாவது தெளிவாக மேம்பட்டிருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் அறைச் சுவருக்கு ஒலி உறிஞ்சும் பலகைகள் போடுங்கள்.