வீடு விற்கணும்... புரோக்கர் வேணுமா, நாமே விற்கலாமா?

ஓரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தீர்கள். கடன் போட்டு ஒரு வீடும் வாங்கினீர்கள். இப்போது வேறு ஊருக்கு மாற்றல், அல்லது பிள்ளையின் படிப்புக்குப் பணம் தேவை. வீட்டை விற்கலாம் என்று டீக்கடையில் பேச்செடுத்ததுமே ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார்: "பார்ட்டி ரெடியா இருக்கு சார், முடிச்சுத் தரட்டுமா?"

உடனே தலையாட்டவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். எந்த வேலைக்காக அவருக்குப் பணம் தரப் போகிறோம் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

கமிஷன் எவ்வளவு, எதற்கு?

தரகுத் தொகை இவ்வளவுதான் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. வழக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கேட்பார்கள். வீடு 40 லட்சத்துக்குப் போனால் 40,000 முதல் 80,000 ரூபாய் வரை. பல குடும்பங்களுக்கு அது சில மாதச் சம்பளம்.

இந்தப் பணத்துக்குப் புரோக்கர் செய்யும் வேலை மூன்றுதான்: வாங்குபவரைத் தேடுவது, வீட்டைத் திறந்து காட்டுவது, விலை பேசி முடிப்பது. பத்திரம் எழுத ஆவண எழுத்தரோ வழக்கறிஞரோ இருக்கிறார்கள். பதிவு செய்வது சார்பதிவாளர். வில்லங்கம், பட்டா, வழிகாட்டி மதிப்பு எல்லாம் உங்கள் போனிலேயே பார்க்கலாம். அதனால் "பேப்பர் வேலை எல்லாம் நான் பார்த்துக்கறேன், அதுக்கும் சேர்த்துத்தான் கமிஷன்" என்றால், அதில் பாதி உங்களாலேயே முடியும் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

முதலில் போனை எடுங்க

புரோக்கரை வைத்தாலும் வைக்காவிட்டாலும், இந்த நான்கையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

வில்லங்கம்: பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூர், படப்பை என எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பது பத்திரத்திலேயே இருக்கும். வீட்டுக் கடனை அடைத்திருந்தால், வங்கி ரசீது ஆவணம் பதிவு செய்து, அது வில்லங்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் அடமானம் இன்னும் இருப்பது போலவே காட்டும்.

பட்டா: வருவாய்த்துறையின் நில ஆவணத் தளத்தில் பாருங்கள். பழைய உரிமையாளர் பெயரே இன்னும் இருந்தால், முதலில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள்.

மனை அனுமதி: விளைநிலங்கள் வேகமாக மனைகளாக மாறிய பகுதி இது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு திட்டம் கொண்டு வந்தது. உங்கள் மனை அந்த வகை என்றால் வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது சிரமம். இந்தக் குறையை எந்தப் புரோக்கராலும் பேசித் தீர்க்க முடியாது.

விலை: வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வைக் கணக்குக்கானது. அதுவே சந்தை விலை ஆகிவிடாது. பக்கத்து மனைகளின் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பாருங்கள். அங்கே பதிவான விற்பனைகளின் கைமாற்றுத் தொகை தெரியும். கூடவே அக்கம்பக்கத்தில் விற்றவர்களிடமும் கேட்டால் ஓரளவு சரியான விலை பிடிபட்டுவிடும்.

விலை விஷயத்தில் ஊர்ப் பேச்சை நம்பி இறங்காதீர்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆலையை நம்பி ஏறும் விலை, ஆலையோடு இறங்கவும் செய்யும். "புது கம்பெனி வருது", "பரந்தூர் ஏர்போர்ட் வருது" என்று சொல்லி விலையை ஏற்றவும் செய்வார்கள், "இப்போ மார்க்கெட் டல்" என்று இறக்கவும் செய்வார்கள். உங்கள் கையில் கணக்கு இருந்தால் இரண்டுக்கும் அசர வேண்டியதில்லை.

வாங்குபவரின் செலவையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 40 லட்சத்துக்கு அதுவே 3 லட்சத்து 60 ஆயிரம். அவர் பேரம் பேசும்போது இதையும் மனதில் வைத்துத்தான் பேசுவார்.

யாருக்குப் புரோக்கர் தேவை?

நீங்கள் அதே வீட்டில் குடியிருக்கிறீர்கள், ஆவணங்கள் சுத்தமாக இருக்கின்றன, அவசரம் இல்லை என்றால் முதலில் நீங்களே முயலலாம். இந்தப் பகுதியில் வாடகைக்கு இருந்துகொண்டு சொந்த வீடு தேடுபவர்கள் நிறைய. உங்கள் ஷிஃப்ட் நண்பர்கள், குடியிருப்போர் சங்கம், தெரு வாட்ஸ்அப் குழு, ஏன், உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கூட வாங்கலாம்.

நீங்கள் வெளியூரில் இருக்கிறீர்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது, பார்க்க வருபவர்களுக்குத் திறந்து காட்ட ஆள் இல்லை, அல்லது குறிப்பிட்ட தேதிக்குள் பணம் வேண்டும் என்றால் புரோக்கருக்குத் தரும் கமிஷன் வீண் இல்லை. பெங்களூரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஓரகடத்துக்கு வந்துபோகும் செலவையும் அலைச்சலையும் கணக்குப் போட்டுப் பாருங்க.

புரோக்கரை வைத்தால், இந்த ஐந்தை விடாதீங்க

1. எழுத்தில் வாங்குங்கள். எத்தனை சதவீதம், எப்போது தரவேண்டும், வாங்குபவரிடமும் வாங்குகிறாரா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கிரயம் பதிவான பிறகே கமிஷன் என்பது நல்லது. ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மூலதன ஆதாய வரிக் கணக்கில் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம்.

2. ரெரா பதிவைப் பாருங்கள். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் பதிவு பெற்ற முகவர்கள் பட்டியல் இருக்கிறது. ஆனால் ஆணையத்தில் பதிவான திட்டங்களில் உள்ள மனை, வீடுகளை விற்றுத் தரும் முகவருக்குத்தான் 2016 சட்டப்படி பதிவு கட்டாயம். பழைய தனி வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், அங்கே எழுத்தில் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

3. "உங்களுக்கு 38 லட்சம் வந்துடும், மேல வர்றது என்னோடது" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாங்குபவரை நேரில் சந்தித்து, விலையை அவர் வாயாலேயே கேளுங்கள்.

4. பவர் தராதீர்கள். பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தால், நீங்கள் இல்லாமலேயே உங்கள் வீட்டை விற்றுப் பணம் வாங்கும் அதிகாரம் அவருக்குப் போய்விடும். வரமுடியாத நிலை என்றால் நம்பிக்கையான குடும்ப உறுப்பினருக்கு, இந்த ஒரு விற்பனைக்கு மட்டும் கொடுங்கள். அசல் பத்திரமும் கைமாற வேண்டாம். நகல் போதும்.

5. ரொக்கம் வேண்டாம். வீட்டு விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் விதிக்கலாம். அந்த அபராதம் விற்பவரான உங்கள் தலையில்தான் விழும், புரோக்கர் தலையில் இல்லை. "கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் கறுப்பு" பேச்சு வந்தாலே எழுந்துவிடுங்கள்.

இன்னும் குழப்பமா? ஒரு வாரத்தில் ஆவணங்களைச் சரிபாருங்கள். ஒரு மாதம் நீங்களே முயலுங்கள். யாரும் வரவில்லையென்றால் அப்போது புரோக்கரைக் கூப்பிடலாம். அதற்குள் வில்லங்கமும் விலையும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கமிஷனையும் நீங்களே பேசி முடிப்பீர்கள்.