திரையில் ஒரு முறை, குறிப்பேட்டில் ஒரு முறை

எங்கள் இல்லத்தில் ஐந்தாண்டுகளாக ஒரு தொடர் வைப்புக் கணக்கு இருந்தது. மகள் பட்டப்படிப்பை முடித்து, வேலைக்காக வேறூர் செல்லுமுன், மூவருமாக ஒரு முறை வெளிநாடு சென்று வருவதே அதன் நோக்கம். கணக்கு முதிர்வடைய ஆறு மாதங்கள் இருந்தபோது, எங்கே செல்வது என்ற பேச்சு எழுந்தது. நானும் என் கணவரும் சிங்கப்பூர் என்றோம். மகள் மால்டா என்றாள். இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் அமைந்த அச்சிறு நாட்டை அவள் அறிந்தது பாடநூலின் வாயிலாக அன்று, பி.டி.எஸ் என்னும் தென்கொரிய இசைக்குழுவின் பயண நிகழ்ச்சி வாயிலாக.

'பான் வாயாஜ்' என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். பயணம் இனிதாகுக என வாழ்த்தும் பிரெஞ்சுத் தொடர் அது. குழுவின் ஏழு இளைஞர்களும் 2016இல் நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளுக்கும், 2017இல் ஹவாய்த் தீவுகளுக்கும், 2018இல் மால்டாவுக்கும், 2019இல் நியூசிலாந்துக்கும் சென்றதை அது காட்டுகிறது. பெருமேடைகளில் ஆடிப் பாடுவோர் தெருவில் வழி தேடுவதும், ஒருவரையொருவர் கேலி செய்வதும், மால்டாவில் சாலையோரத்தில் நின்று பாடுவதுமாக அது நகர்கிறது.

என் கணவருக்கு இதில் உடன்பாடில்லை. பாட்டுக் குழுவின் கேளிக்கையை நம்பி ஐந்தாண்டுச் சேமிப்பைச் செலவிடுவதா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மகளின் பட்டியலில் பதினொரு இடங்கள் இருந்தன. எங்கள் கையிலோ ஆறு நாள்கள். ஆகவே ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். மால்டாப் பகுதியின் எட்டு அத்தியாயங்களையும் மூவரும் சேர்ந்து பார்ப்பது, பின்னர் முடிவெடுப்பது. நான்காம் நாள் இரவில் என் கணவர் அவ்விளைஞர்களுள் ஐவரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். அதன்பின் மால்டாவைப் பற்றி விவாதம் இல்லை. திட்டம் மட்டுமே எஞ்சியது.

இரண்டாம் முறை பார்த்தல்

இத்தகைய நிகழ்ச்சிகளை இரு முறை பார்க்க வேண்டும் என்பது நாங்கள் கற்ற முதற்பாடம். முதல் முறை மகிழ்ச்சிக்காக. இரண்டாம் முறை குறிப்பேட்டுடன். குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வரைந்தோம்: இடம், சென்றடையும் வழி, பிடிக்கும் நேரம், ஆகும் செலவு. முதற்பத்தியைத் திரை எளிதில் நிரப்பிவிடுகிறது. ஏனைய மூன்றும் பெரும்பாலும் வெறுமையாகவே நின்றன. வாகனத்தையும் தங்குமிடத்தையும் ஏற்பாடு செய்யும் குழுவினர் படக்கருவிக்குப் பின்னால் இருக்கின்றனர். காத்திருந்த நேரத்தைத் தொகுப்பாளர் வெட்டி நீக்கிவிடுகிறார். திரையில் காணாத அவற்றுக்குத்தான் நாம் பணம் செலுத்துகிறோம்.

ஆயினும் வழிகாட்டி நூல்கள் தராத ஒன்றை இந்நிகழ்ச்சிகள் தருகின்றன. ஒரு தெரு எவ்வளவு செங்குத்தானது, வெயிலுக்கு நிழல் உண்டா, மாலையில் மக்கள் எங்கே அமர்கின்றனர் என்பன நடப்பவரின் வேகத்தில் புலப்படுகின்றன. தலைநகர் வலேட்டாவின் படிக்கட்டுத் தெருக்களைத் திரையில் கண்டதுமே, முழங்கால் வலியுள்ள எனக்கு முற்பகலில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, இடையில் ஓய்வு என்று வகுத்துக்கொண்டோம்.

ஒரு நகரம், ஒரு நாள்

வலேட்டா, புனித யோவான் படைவீரர் சபையின் தலைவர் ழான் தெ லா வலேட் 1566இல் அடிக்கல் நாட்டிய கோட்டை நகரம். யுனெஸ்கோ அதனை 1980இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். நகருக்குள் வாகனமே தேவையில்லை.

மகளின் பட்டியலையும் எங்கள் தேடலையும் இணைத்து ஒரு நாள் திட்டம் அமைத்தோம். காலையில் நகர வாயிலிலிருந்து குடியரசுத் தெரு வழியாகப் புனித யோவான் இணைப் பேராலயம். கரவாஜியோ 1608இல் தீட்டிய, திருமுழுக்கு யோவானின் தலை கொய்யப்படும் பேரோவியம் அங்கே உள்ளது. ஞாயிற்றுக்கிழமையில் பார்வையாளர்க்கு அனுமதியில்லை. இதனை அறியாதிருந்தால் எங்கள் முதல் நாளே வீணாகியிருக்கும். பின்னர் மேல் பரக்கா பூங்கா. நண்பகல் 12 மணிக்கு அதன் கீழ்த்தளத்திலுள்ள பீரங்கி முழங்கும். அங்கிருந்து 58 மீட்டர் உயர மின்தூக்கியில் துறைமுகத்துக்கு இறங்கி, படகில் எதிர்க்கரையிலுள்ள பழைய நகரான பிர்குவை அடையலாம்.

எல்லா இடங்களும் திட்டத்தில் இடம்பெறவில்லை. பட்டியலில் ஓரிடம் கோசோத் தீவின் 'நீலச் சாளரம்' என்னும் கடற்பாறை வளைவு. வேறொரு பழைய காணொளியைக் கண்டு மகள் அதனைச் சேர்த்திருந்தாள். 2017 மார்ச் 8 அன்று புயலில் அவ்வளைவு இடிந்து கடலில் வீழ்ந்துவிட்டது. திரையில் அது இன்றும் நிற்கிறது. கொமினோத் தீவின் நீலக் கடற்காயலுக்கோ 2025இல் முன்பதிவு முறை கொண்டுவரப்பட்டது. ஹால் சஃப்லியேனி என்னும் தொல்பழங்கால நிலத்தடிக் கல்லறையில் ஒரு முறைக்குப் பத்துப் பேர் மட்டுமே நுழையலாம். பல வாரங்களுக்கு முன்பே சீட்டு வாங்க வேண்டும். காணொளி வெளியான ஆண்டை முதலில் பார்ப்பதும், ஒவ்வோர் இடத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைச் சரிபார்ப்பதும் இதனால் இன்றியமையாதவை ஆகின்றன.

செலவுப் பத்தி

மால்டா 2008 சனவரி 1 முதல் யூரோவைப் பயன்படுத்துகிறது. ஷெங்கன் விசாப் பகுதியைச் சேர்ந்தது. விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்னதாகவே அளிக்கலாம்; 15 நாள்களுக்குள் வைத்துக்கொண்டு அளித்தல் கூடாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விமானச் சீட்டுக்கு அடுத்தபடியாக இவற்றைக் குறிப்பேட்டில் எழுதினோம். நிகழ்ச்சியில் இவை இடம்பெறுவதேயில்லை.

இந்தியாவில் வசிக்கும் ஒருவர், தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பயணச் செலவும் இதில் அடங்கும். பெரும்பாலான நாடுகளுக்கு, நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலருக்கு நிகரான தொகையே எடுத்துச் செல்ல இயலும். எஞ்சியதை முன்பணம் ஏற்றிய பயண அட்டையில் வைத்துக்கொள்ளுதல் நலம்; ஏற்றும் நாளின் மாற்று விகிதமே நிலைத்துவிடுவதால், திட்டமிட்ட தொகை இடையில் மாறாது. சுற்றுலாத் தொகுப்பு வாங்குவோர் மூலத்தில் வசூலிக்கப்படும் வரியையும் கணக்கில் கொள்ள வேண்டும். விகிதம் அவ்வப்போது மாறுவதால் கிளையில் கேட்டறிக. வருமானவரிப் படிவம் தாக்கல் செய்கையில் அதனைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

பற்று அட்டையும் கடன் அட்டையும் வழங்கப்படும்போது பொதுவாக உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே வங்கிச் செயலியில் இயக்கி, உச்சவரம்பையும் குறிக்க வேண்டும். இதனை நாள்தோறும் பிறருக்குச் சொல்லும் நான், என் அட்டையில் செய்ய மறந்தேன். விமான நிலையத்தில் மகள் நினைவூட்டினாள்.

வலேட்டாவின் உணவகம் ஒன்றில் அட்டைப் பொறி, கட்டணத்தை ரூபாயில் எடுப்பதா, யூரோவில் எடுப்பதா என்று கேட்டது. நம் நாணயம் என்றதும் கணவரின் விரல் ரூபாயை நோக்கிச் சென்றது. தடுத்தேன். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தைக் கடையின் தரப்பே நிர்ணயிக்கும். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே அமையும். அந்நாட்டு நாணயத்தைத் தேர்வதே எப்போதும் சிக்கனம்.

ஒரு கடவுச்சீட்டின் பாடம்

நிகழ்ச்சியின் முதற்பருவத்தில் குழுவின் தலைவர் ஆர்.எம் தம் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு, மற்றவர்க்கு முன்னரே நாடு திரும்ப நேர்ந்தது. ரசிகர்கள் சிரிப்பும் வருத்தமுமாக நினைவுகூரும் காட்சி அது. உடன் ஒரு பெரிய குழு இருந்தும் அவருக்கே பயணம் பாதியில் முடிந்தது. மகள் அக்காட்சியைச் சொல்லியே எங்கள் மூவரின் கடவுச்சீட்டு, விசா, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை எடுத்து, தனித்தனிப் பைகளில் வைத்தாள். அட்டை தொலைந்தால் அழைக்க வேண்டிய எண்ணையும் தாளில் எழுதி ஒட்டினாள்.

பதினொரு இடங்களில் ஏழுக்கு மட்டுமே சென்றோம். எவற்றை விடுவது என்பதை மகளே முடிவு செய்தாள். முதல் நாள் நண்பகல், மேல் பரக்கா பூங்காவின் கைப்பிடிச் சுவரருகே பீரங்கிக்காகக் காத்திருந்தோம். முழக்கம் கேட்டுப் புறாக்கள் எழுந்தன. கீழே துறைமுகம் முழுவதும் பொன்னிறக் கல்லில் ஒளிர்ந்தது. அவள் கைப்பேசியில் படம் எடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

மறுமாதம் அவள் பணியில் சேர்ந்தாள். அப்பயணத்தின் குறிப்பேடு எங்கள் மேசை இழுப்பறையில் உள்ளது. அதன் கடைசிப் பக்கத்தில், அடுத்த பயணம் என்ற தலைப்பின்கீழ், நியூசிலாந்து என்று எழுதியிருப்பவர் என் கணவர். புதிய தொடர் வைப்புக் கணக்கும் தொடங்கியாயிற்று. இம்முறை மாதத் தவணையில் ஒரு பங்கு மகளுடையது.