கருமருந்து: பட்டாசுத் திரியிலும் கப்பல் பீரங்கியிலும்

ஆனைக்குட்டம் வட்டாரத்துப் பட்டாசுகளின் திரியில் இருப்பதும், பாய்மரக் கப்பல்களின் பீரங்கியை முழங்க வைத்ததும் ஒரே மருந்துதான். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்பது கருமருந்தின் வழக்கமான விகிதம். கரி எரியும், அதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பு தரும், கந்தகம் சட்டென்று தீப்பற்ற வைக்கும்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பீகார் வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றன. தமிழகக் கரையில் டேனிஷ்காரர்கள் 1620இல் எழுப்பத் தொடங்கிய தரங்கம்பாடிக் கோட்டையில் அக்காலப் பீரங்கிகளை இன்றும் பார்க்கலாம்.

சுடும் முறை
மருந்துப் பொதியைக் குழலுக்குள் தள்ளி, குண்டும் அடைப்பும் வைத்து இடிப்பார்கள். பின்பக்கத் துளை வழியே தீ வைத்ததும் பீரங்கி பின்னோக்கிப் பாயும். தடித்த வடம் அதைப் பிடித்து நிறுத்தும். மறுபடி மருந்திடும் முன் ஈரத் துடைப்பானால் குழலைத் துடைத்தாக வேண்டும். உள்ளே ஒரு கங்கு மிஞ்சியிருந்தாலும் புது மருந்து, திணிப்பவர் கையருகிலேயே வெடித்துவிடும்.

இரும்புக்கு இடமில்லை
கப்பலின் மருந்தறை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. அங்கே புழங்கியவை செம்பும் மரமும்தான். இரும்பு உரசினால் பொறி பறக்கும். பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் இரும்புக் கருவிக்குத் தடை இருப்பதும் இதனால்தான்.

இன்றும் முழக்கம்
1745இல் மூழ்கிய ஸ்வீடன் வணிகக் கப்பல் ‘யோத்தேபோரி’யின் மாதிரியாகக் கட்டிய கப்பல் இப்போதும் கடலோடுகிறது. அதன் பீரங்கிகள் குண்டில்லாமல், வெறும் மருந்தால் மரியாதை வேட்டு முழக்குகின்றன.